சித்திரம் பழகுவோம்: அடியில் என்ன வர்ணம்?



இருக்கன்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். முழங்கால் வலியால் அவருடைய மாமியாரால் இப்போது கோயிலுக்குப் போக முடிவதில்லையாம். வைப்பாறும் அர்ஜுனா நதியும் சேரும் இடத்தையும், மாரியம்மன் கோயிலையும் படமாக எழுதி, ஆடி கடைசி வெள்ளிக்குள் அத்தையின் கட்டிலுக்கு எதிரே மாட்ட வேண்டும் என்று ஆசை. இரண்டு தடவை எழுதியும் வானம் வெளிறிப் போகிறதாம், மரங்களின் பச்சை கண்ணை உறுத்துகிறதாம். வீட்டில் தவழும் குழந்தை வேறு. என்ன செய்யறது என்று கேட்கிறார்.

குறை உங்கள் கையில் இல்லை, சகோதரி. வெள்ளை அட்டையில்தான் இருக்கிறது! வெள்ளையின் மேல் எந்த வர்ணத்தை வைத்தாலும் உள்ளதைவிட இருண்டு தெரியும். பயந்துகொண்டு நாமும் வெளிறலாகவே கலந்துகொண்டு போவோம். முடிவில் பார்த்தால், படம் சோகை பிடித்த பிள்ளை மாதிரி இருக்கும். அதனால் முதலில் அட்டை முழுவதும் ஒரு நடுத்தர வர்ணத்தை மெல்லிசாகப் பூசிவிடுங்கள். இதுதான் அடிவர்ணம். வெளிச்சம் எது, நிழல் எது என்று அதன் மேல் சுலபமாகத் தெரியும்.

எந்த நிறம்? உங்கள் ஊர் உச்சி வெயிலுக்கு 'பர்ன்ட் சியன்னா' என்ற செம்பழுப்பு பொருத்தம். கோலத்துக்குக் கரை கட்டும் காவியின் உறவுதான் அது. இரண்டுக்கும் நிறம் தருவது இரும்புத் துருவே. நீலத்துக்கு எதிர் நிறம் ஆரஞ்சு, பச்சைக்கு எதிர் சிவப்பு. ஆகவே செம்பழுப்பின் மேல் வானம் துலங்கும். வேம்பும் சீமைக் கருவேலமும் பச்சை அடங்கி நிஜம் போலத் தெரியும். விடியற்காலையோ மழை மூட்டமோ எழுதுவதானால், சாம்பல் கலந்த ஊதா நல்லது. கரிசல் மண்ணுக்குக் கறுப்பு டியூபைப் பிதுக்காதீர்கள். பர்ன்ட் சியன்னாவில் அல்ட்ராமரைன் நீலத்தைக் கலந்தால் உயிருள்ள கறுப்பு கிடைக்கும்.

இங்கிலாந்தில் 1776-ல் பிறந்த ஜான் கான்ஸ்டபிள், தம் ஊர் ஆற்றங்கரையை எழுதியே பேர் வாங்கியவர். அவருடைய தைலவர்ண முன்மாதிரிப் படங்கள் பலவற்றில், அடியில் பூசிய செம்பழுப்பு இடையிடையே எட்டிப் பார்க்கும். நீங்களும் இண்டு இடுக்கு விடாமல் மூடிவிடாதீர்கள்.

செய்முறை: ஒரு பங்கு அக்ரிலிக் வர்ணத்துக்கு ஒரு பங்கு தண்ணீர். அகலத் தூரிகையால் பூசி, பழந்துணியால் லேசாக ஒற்றி எடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே மேலே எழுதுங்கள். போஸ்டர் கலரை அடியில் பூசினால் மறுபடி ஈரம் பட்டதும் கரைந்து மேலே வந்துவிடும். அக்ரிலிக்கின் மேல் தைலவர்ணம் பூசலாம். தைலவர்ணத்தின் மேல் அக்ரிலிக் கூடவே கூடாது, உரிந்துவிடும்.

சந்தேகமிருந்தால் தபால் கார்டு அளவில் மூன்று அட்டைத் துண்டுகள் எடுங்கள். ஒன்றில் செம்பழுப்பு, ஒன்றில் மஞ்சள் காவி, ஒன்றில் ஊதாச் சாம்பல். மூன்றிலும் அதே வானம், அதே மணல். காய்ந்ததும் பத்தடி தள்ளி வைத்துப் பாருங்கள். எது பிடித்ததோ அதுவே உங்கள் அடிவர்ணம்.

இப்போது தாய்மார்களுக்குச் சில வார்த்தை. அக்ரிலிக்குக்கு டர்ப்பன்டைன் வேண்டாம்; குழந்தை இருக்கும் வீட்டுக்கு அதுவே நிம்மதி. சில மஞ்சள், சிவப்பு வர்ணங்களில் ஈயமோ காட்மியமோ இருக்கும். லேபிளைப் படித்து அவற்றைத் தவிருங்கள். தூரிகை கழுவத் தனி டப்பா வையுங்கள், குடிக்கும் டம்ளர் வேண்டாம். வர்ணப் பொடியைக் குழந்தை பக்கத்தில் இருக்கும்போது கலக்காதீர்கள். இன்னொன்று: பட்டாசுத் தொழில் நடக்கும் பக்கம் ஆயிற்றே! வெள்ளி மாதிரி மின்னும் அலுமினியப் பொடியோ, சிவப்பு ஒளி தரும் ஸ்ட்ரான்ஷியம் உப்போ கைக்குக் கிடைத்தாலும் படத்துக்கு எடுக்காதீர்கள். அவை நெருப்புக்கு ஆனவை, வீட்டுக்கு ஆகாது.

ஆடி கடைசி வெள்ளி வரை காத்திராமல் இந்த ஞாயிறே அட்டைத் துண்டுகளை வெட்டிவிடுங்கள். அடிப்பூச்சு காயும் நேரத்தில் ஒரு உலை வைத்து இறக்கிவிடலாம், சரிதானே?