குதிரையைக் கொடுங்க, பதிலையும் சொல்லிக் கொடுங்க!



2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2024-ல் சென்னை குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். நம்ம பள்ளியிலும் மதிய இடைவேளையில் மரத்தடி எல்லாம் செஸ் போர்டுதான். சந்தோஷம்! ஆனால் இப்போ ஒரு வழக்கம் வந்திருக்கு. அண்ணன்மார் நாலாவது மூவிலேயே குதிரையைத் தூக்கிக் கொடுக்கிறாங்க. ஆறாம் வகுப்புத் தம்பி பயந்துபோய்ப் பத்து நிமிஷத்தில் தோற்கிறான். ரெண்டு நாள் தோற்றவன் மூணாம் நாள் வருவதே இல்லை.

இதற்குப் பெயர் காக்ரேன் காம்பிட். இரு பக்கமும் ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளி, குதிரையை வெளியே எடுப்பார்கள். வெள்ளைக் குதிரை கறுப்பின் நடுச் சிப்பாயை வெட்டும். அதை விரட்டக் கறுப்பு, ராணி முன்னால் உள்ள சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தும். குதிரை திரும்பி ஓடாமல் ராஜா பக்கத்துச் சிப்பாயையும் வெட்டும். ராணிக்கும் யானைக்கும் ஒரே நேரத்தில் ஆபத்து! அதனால் ராஜாவே வந்து குதிரையை வெட்டுவார். அப்புறம் அவருக்குக் கேஸ்லிங் கிடையாது.

கணக்குப் பாருங்க. குதிரைக்கு 3 புள்ளி, ரெண்டு சிப்பாய்க்கு 2 புள்ளி. கம்ப்யூட்டரும் கறுப்புக்குத்தான் நல்லது என்கிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

அப்போ தடை போடலாமா? வேண்டாம் என்பதே என் கருத்து. 1999-ல் ஸ்பெயினின் லினாரஸ் போட்டியில் டோபலோவ் இதையே கிராம்னிக்குக்கு எதிராக ஆடி டிரா செய்தார். தைரியத்தையும் வேகத்தையும் கற்றுக்கொடுக்கும் ஆட்டம் இது. ஆனால் பதில் தெரிந்தவனோடு ஆடினால்தான் அது தைரியம். தெரியாத தம்பியிடம் ஆடுவது வெறும் பயமுறுத்தல்.

பதில் இதுதான், தம்பி தங்கைகளே. வெள்ளை ராணி முன்னால் உள்ள சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளியதும், சும்மா நிற்கிற நடுச் சிப்பாயைக் குதிரையால் வெட்ட ஆசைப்படாதீங்க. வெட்டினால் ராணி ஓரத்தில் வந்து செக் வைக்கும். சிப்பாயால் மறைத்தால் ராணி நடுவுக்கு வந்து மறுபடி செக், கூடவே உங்க குதிரையும் போச்சு! அதற்குப் பதில் குதிரை வரிசைச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, அதன் பின்னால் ராஜாவை ஒளித்து வையுங்க. பதறாமல் மற்ற காய்களை வெளியே எடுங்க. ஒரு குதிரை அதிகம் என்பது பிறகு தானே தெரியும்.

காக்ரேன் என்பவர் கல்கத்தாவில் இருந்த ஸ்காட்லாந்து வக்கீல். 1848-ல் அவர் இந்தக் குதிரைப் பலியை ஆடியது மகேஷ் சந்திர பானர்ஜி என்ற வங்காளியிடம். ஐரோப்பிய விதிகள் பானர்ஜிக்குப் புதுசு. ஆனாலும் இருவரும் நூற்றுக்கணக்கான ஆட்டம் ஆடினார்கள். சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்தி, மந்திரியை ஓரத்திலிருந்து குறி பார்க்க வைக்கும் பானர்ஜியின் பாணியால்தான் ‘இந்தியத் தற்காப்பு’ என்ற பெயர் செஸ்ஸில் நிலைத்தது. முதல் நாளே அவர் போர்டை விட்டு எழுந்து போயிருந்தால் அந்தப் பெயர் ஏது?

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புரியும். தறியில் கோர்வை போட ரெண்டு பேர் வேண்டும். துணை ஆள் ஓடிப்போனால் கரை சேருமா? செஸ்ஸும் அப்படித்தான்.

ஆகவே அண்ணன்மாரே, அக்காமாரே! சின்ன வகுப்பிடம் குதிரையைக் கொடுத்து ஜெயித்தால், அதே இடத்தில் போர்டைத் திருப்பி வைத்து, அதை எப்படி முறியடிப்பது என்றும் காட்டுங்க. அடுத்த வருஷம் நம்ம பள்ளி டீமுக்கு ஆள் வேண்டாமா? சிந்திப்பீர்!

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்