பென்சில் பிடித்த கை



பாடசாலை நாட்களில் சித்திரப் பாடத்தில் நல்ல புள்ளி வாங்கியவர்கள் உங்களில் எத்தனை பேர்? மணமுடித்து, பிள்ளைகள் பிறந்து, அடுப்படியும் தையலுமாக நாட்கள் ஓடிய பின், அந்தச் சித்திரக் கொப்பி எந்த அலுமாரியின் அடியில் கிடக்கிறதென்று உங்களுக்கே தெரியாதிருக்கலாம். "இனி எனக்கெதற்கு அதெல்லாம்?" என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவையில் உஸ்தாத் மன்ஸூர் என்றொரு ஓவியர் இருந்தார். பறவைகளையும் விலங்குகளையும் பூக்களையும் வரைவதில் அவருக்கு நிகரில்லை என்று கண்ட அரசர், 'காலத்தின் அபூர்வம்' எனப் பொருள்படும் 'நாதிருல் அஸ்ர்' என்ற பட்டத்தை அவருக்கு வழங்கினார். 1620இல் கஷ்மீருக்குச் சென்றபோது மன்ஸூர் நூற்றுக்கும் மேற்பட்ட பூக்களை வரைந்ததாக அரசரே தம் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். 1621இல் வரிக்குதிரை ஒன்று அவைக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் கோடுகள் மனிதர் தீட்டியவையோ என்று சிலர் சந்தேகித்தனர். சோதித்துப் பார்த்து, இயற்கையானவையே என்று உறுதி செய்தார்கள். அந்த வரிக்குதிரையையும் மன்ஸூரின் தூரிகை நமக்குப் பாதுகாத்துத் தந்திருக்கிறது.

மன்ஸூர் வரைந்த சைபீரிய நாரை கொல்கத்தா நூதனசாலையில் இருக்கிறது. குளிர்காலந்தோறும் இந்தியாவின் பரத்பூருக்கு வந்துகொண்டிருந்த அந்நாரைகள், 2002க்குப் பின் அங்கு வருவதில்லை. அவருடையதெனக் கருதப்படும் இன்னோர் ஓவியத்தில் டோடோ பறவை நிற்கிறது. மொரீஷியஸ் தீவின் அப்பறவை அந்த நூற்றாண்டு முடிவதற்குள் உலகிலிருந்தே அற்றுப்போனது. பொழுதுபோக்கு என்று நாம் எண்ணுவது, சில வேளை ஒரு படைப்புக்குக் கடைசிச் சாட்சியாகவும் ஆகிவிடுகிறது.

இதெல்லாம் ஆண்களின் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அதே காலத்தில் நாதிரா பானு என்ற பெண் ஓவியரும் இருந்தார். தம் சித்திரத்தில் ஆகா ரிஸாவின் மாணவி என்றே தம்மைக் குறித்திருக்கிறார். ஆசிரியரின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து எழுதிய அந்த நன்றியுணர்வு எவ்வளவு அழகானது!

உயிரினங்களை வரையலாமா என்ற கேள்வி உங்களுள் சிலருக்கு எழுந்திருக்கும். இது குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உருவங்கள் பற்றி வந்துள்ள எச்சரிக்கைகளைக் காட்டிக் கூடாது என்போர் உளர். கல்விக்காக வரைவதை அனுமதிப்போரும் உளர். நீங்கள் நம்பும் ஓர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். மனத்தில் உறுத்தலோடு வரைவதில் மகிழ்ச்சி இராது. உயிருள்ளவற்றை வரையத் தயங்குவோருக்கும் வழி அடைபடவில்லை. மரத்தையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் ஓர் ஓவியருக்கு வழிகாட்டிய செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. காட்டில் பாதி மரஞ்செடிகள்தாமே! ஒரு பலா இலையின் நரம்புகளை ஒழுங்காக வரைந்து முடிக்கவே ஒரு மாலைப்பொழுது போதாது.

எப்படித் தொடங்குவது? ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஓர் அழிறப்பர் போதும். அஸருக்குப் பின் கிடைக்கும் அரை மணி நேரம் போதும். முற்றத்துக்கு வரும் ஒரே பறவையைத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் மூன்று நாள் வரையவே வேண்டாம். பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். காகத்தின் காலில் மூன்று விரல்கள் முன்னோக்கியும் ஒன்று பின்னோக்கியும் இருக்கும். செண்பகத்துக்கும் கிளிக்கும் இரண்டு முன்னால், இரண்டு பின்னால். ஆயுள் முழுக்கக் காகத்தைப் பார்த்தும் இதைக் கவனியாதவர்கள் எத்தனை பேர்! பென்சில் கையில் இருந்தால்தான் கண் இப்படிக் கேள்வி கேட்கத் தொடங்குகிறது. அந்த அரை மணி நேரத்தில் வீட்டுக் கவலைகள் சற்றே விலகி நிற்பதையும் உணர்வீர்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: வரைவதற்காகப் பறவையைப் பிடிப்பதோ கூட்டைக் கலைப்பதோ ஆகாது.

கற்றதை உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் பேராதனைப் பூங்காவுக்காகத் தாவரங்களை வரைந்தவர் ஹர்மானிஸ் டி அல்விஸ். அக்கலை அவரது பிள்ளைகளிடமும் தொடர்ந்தது. 1880 முதல் 1887 வரை வெளிவந்த, இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகள் பற்றிய பெருநூலுக்கு வில்லியம், ஜோர்ஜ் சகோதரர்களே படங்கள் வரைந்தார்கள். ஒரு வீட்டுக்குள் கைமாறிய கலை, ஒரு நாட்டின் அறிவுச் செல்வமாயிற்று.

உங்கள் பிள்ளைகளையும் அயல்வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரையும் விறாந்தையில் பாய் விரித்து அமர்த்துங்கள். அவர்களுக்காக நீங்கள் வரைந்து கொடுக்க வேண்டாம். கையைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். "இந்த இலையின் ஓரம் பல்லுப் பல்லாக இருக்கிறதா, வழுவழுப்பாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். "பிழை" என்று சொல்லாமல், "இன்னொரு தடவை பார்ப்போமா?" என்று சொல்லுங்கள். ராத்தாவின் படத்தோடு தம்பியின் படத்தை ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு தாளிலும் திகதியை எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்துத் தம் வளர்ச்சியைத் தாமே காணட்டும். சில நாளில் நீங்கள் கவனியாத ஒன்றை ஒரு சின்னப் பிள்ளை உங்களுக்குக் காட்டித்தரும். கற்பிப்பவருக்குக் கிடைக்கும் கூலி அதுதான்.

நாம் வாழும் ஊரில் குளங்கள் தூர்கின்றன, மரங்கள் விழுகின்றன. ஓர் இலையையேனும் உற்றுப் பார்த்து வரைந்த பிள்ளை, அந்த மரத்தின் மேல் கத்தி வைக்கச் சற்றுத் தயங்கும். அந்தத் தயக்கத்தைக் கற்பிக்க ஒரு தாயால் முடியும். இந்த வெள்ளிக்கிழமைக்குள் அலுமாரியைத் திறந்து அந்தக் கொப்பியைத் தேடி எடுங்கள், சகோதரிகளே. கிடைக்காவிட்டால் புதிதாக ஒன்று வாங்குங்கள்.