மிச்சமிருக்கும் ஆறு எடைகள்

ஒலிம்பிக் போட்டிப் பட்டியலை மறுஆய்வு செய்யப்போவதாகச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அறிவித்ததுமே கிரேக்க-ரோமன் மல்யுத்தத்தைத் தூக்கிவிடலாம் என்ற பழைய பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. பார்க்கச் சலிப்பாக இருக்கிறதாம். பெண்களுக்கு இல்லாத பிரிவு ஆண்களுக்கு மட்டும் எதற்கு என்கிறார்கள். சலிப்பு என்பவர்களுக்குப் பிடி எது, தள்ளு எது என்று தெரியாது. அவர்களோடு வாதாடிப் பயனில்லை.

அவர்கள் மிஹாயின் லோபெஸின் கதையையாவது தெரிந்துகொள்ளட்டும். கியூபாவின் பினார் டெல் ரியோ மாகாணத்துக்காரர். 2004 ஏதென்ஸ் காலிறுதியில் ரஷ்யாவின் ஹாசன் பரோயேவிடம் தோற்று வீடு திரும்பினார். 2008 பெய்ஜிங் இறுதியில் அதே பரோயேவை வீழ்த்தி முதல் தங்கம். 2011, 2015 உலகப் போட்டி இறுதிகளில் துருக்கியின் ரிசா கயால்ப் அவரைத் தோற்கடித்தார். ரியோ ஒலிம்பிக் இறுதியில் கயால்பை 6-0 என்று சாய்த்தார் லோபெஸ்; டோக்கியோ அரையிறுதியிலும் விடவில்லை. எங்கே விழுந்தாரோ அங்கேயே திரும்பிப் போய் எழுந்து நின்றவர் அவர்.

பாரிஸில் 2024 ஆகஸ்ட் 6 அன்று, 42 வயதாக இரண்டே வாரம் இருக்கையில், ஐந்தாவது தங்கம். ஒரே தனிநபர் பந்தயத்தில் தொடர்ந்து ஐந்து ஒலிம்பிக்கில் வென்றவர் வேறு எவருமில்லை. கார்ல் லூயிஸ் நீளம் தாண்டுதலில் நான்கு. மைக்கேல் பெல்ப்ஸ் 200 மீட்டர் மெட்லியில் நான்கு. இந்தக் கலையின் மாமலை என்று நாம் கொண்டாடிய கரேலின் மூன்றோடு சரி. வென்றதும் காலணிகளைக் கழற்றி மல்யுத்த விரிப்பின் நடுவே வைத்துவிட்டு வெளியேறினார். ஓய்வு பெறும் மல்லர்களின் வழக்கம் அது.

அன்று எதிரே நின்ற யஸ்மானி அகோஸ்தாவும் கியூபாவில் பிறந்தவர்தான். லோபெஸுடன் பயிற்சி செய்தவர். ஓர் எடைக்கு நாட்டுக்கு ஒருவர்தான் என்பது விதி. லோபெஸ் இருக்கும்வரை அவருக்கு வழியில்லை. 2015-இல் சிலிக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். சிலிக்காக வெள்ளி வென்றார். இடம் ஏற்கெனவே இவ்வளவு குறுகல்!

அந்தக் குறுகலைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். கிரேக்க-ரோமனுக்கு 1996 அட்லாண்டாவில் பத்து எடைப் பிரிவுகள். 2000-இல் எட்டு. 2004-இல் ஏழு. 2016-இல் ஆறு. இருபது ஆண்டில் பத்தில் நான்கு பறிபோனது. 2013 பிப்ரவரியில் மல்யுத்தத்தையே வெளியே தள்ளப் பார்த்தார்கள். செப்டம்பரில் வாக்கெடுப்பில் அது தப்பியது. அதற்குக் கொடுத்த விலையில் ஒன்றுதான் கடைசியாகப் போன அந்த எடை. பத்து, எட்டு, ஏழு, ஆறு. இதற்குப் பெயர் சீர்திருத்தமா?

பெண்களுக்கு இல்லையென்றால் பெண்களுக்கும் கொடுங்கள். இருப்பவனிடம் பிடுங்குவது எப்படிச் சமத்துவமாகும்?

நம் வீட்டுக் கதையையே பார்க்கலாம். 2010 டெல்லி காமன்வெல்த்தில் கிரேக்க-ரோமனில் மட்டும் நமக்கு நான்கு தங்கம். 2014 கிளாஸ்கோவில் அந்தப் பிரிவை நீக்கினார்கள். மல்யுத்தத்தின் இன்னொரு பிரிவான ப்ரீஸ்டைல்தான் இருக்கிறதே என்று நாமும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். அதே கிளாஸ்கோவின் 2026 பட்டியலில் மல்யுத்தமே இல்லை. ஒலிம்பிக்கிலும் இதுவேதான் நடக்கும். பிரிஸ்பேன் ஒலிம்பிக்கில் இந்த ஆறு எடைகள் போனால், அடுத்த இரண்டு ஒலிம்பிக்குக்குள் ப்ரீஸ்டைலும் போய்விடும். இந்திய மல்யுத்தக் கூட்டமைப்பு இன்றே எழுதிக் கேட்கட்டும்: பிரிஸ்பேனில் ஆண்களுக்கு இந்த ஆறு எடைகள் இருக்க வேண்டும், பெண்களுக்கும் ஆறு வேண்டும்.