ஓட்டை பொருந்தினால் போதுமா?

மின்சாரக் கார் பேச்செடுத்தால், கடற்கரையில் நடக்க வரும் நண்பர்களில் பாதிப்பேரிடம் ஒரே பதில்தான்: "அதுக்கென்ன சார், ஒரு அடாப்டர் வாங்கிப் போட்டா தீர்ந்துச்சு." தீராது என்பது என் கட்சி.

வீட்டில் இரண்டு முள் பிளக்கை மூன்று முள் சாக்கெட்டில் சொருகும் வேலை அல்ல இது. வேக சார்ஜரிலிருந்து பேட்டரிக்குள் நேராகப் பாய்வது டிசி மின்சாரம். ஏசி நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போகும். இணைப்பு விட்டால் பொறி அணைய வாய்ப்புண்டு. டிசியில் அது நின்று எரியும். அதனால்தான் சார்ஜ் முடியும்வரை கார் அந்த 'கன்'னைப் பூட்டிப் பிடித்துக்கொள்கிறது. நடுவில் அடாப்டர் வந்தால் இணைப்பு இரண்டாகிறது. கார் பூட்டுவது அடாப்டரை. அடாப்டருக்கும் கன்னுக்கும் நடுவே பூட்டு இருக்கிறதா? பேர் தெரியாத மலிவுச் சரக்கில் யார் உத்தரவாதம் தருவது?

அதோடு, சார்ஜரும் காரும் பேசிக்கொண்ட பிறகுதான் கரண்டே வரும். நம் நாட்டின் பழைய 'பாரத் டிசி-001' பேசும் பாஷை வேறு, இன்றைய சிசிஎஸ்-2 பேசும் பாஷை வேறு. மஹிந்திரா இ-வெரிட்டோ 72 வோல்ட் வண்டி. சிசிஎஸ் சார்ஜர்களோ பெரும்பாலும் 150, 200 வோல்ட்டுக்குக் கீழே இறங்குவதில்லை. இதில் வெறும் அடாப்டரைப் போடுவது, தமிழ் மட்டும் தெரிந்தவருக்கும் பிரெஞ்சு மட்டும் தெரிந்தவருக்கும் நடுவே மைக் செட் வைத்த கதை.

அமெரிக்காவில் ஃபோர்டு அடாப்டர் கொடுக்கவில்லையா என்பார்கள். கொடுத்தது. கார் செய்த கம்பெனியே கொடுத்தது. டெஸ்லாவின் புது நிலையங்களும் சிசிஎஸ் பாஷையிலேயே பேசுகின்றன. அது வேறு விஷயம்.

வம்பு ஆரம்பித்தது கோப்பில். (அந்த இனத்தில் நானும் ஒருவன்.) 2018 டிசம்பரில் மத்திய மின்துறை அமைச்சகம், பொது நிலையங்களில் சிசிஎஸ், சாடெமோ, டைப்-2, பாரத் டிசி, பாரத் ஏசி என்று ஐந்து வகையும் வைக்கச் சொன்னது. 2019 அக்டோபரில் திருத்தம்: நடத்துபவர் விருப்பம். பத்தே மாதம்! வியாபாரி எதை வைப்பார்? ஓடுகிற சரக்கைத்தான். பழைய வண்டிக்காரர் நடுத்தெருவில்.

பிரான்சும் இப்படி முழித்ததுதான். ஷ்னைடர், லெக்ராந்த் கம்பெனிகள் ஏசி சார்ஜுக்கு டைப்-3 சாக்கெட்டைக் கொண்டுவந்தன; 2013 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் ஜெர்மன்காரர்களின் டைப்-2 பக்கம் சாய்ந்தது. கௌரவம் போனாலும் குழப்பம் நீடிக்கவில்லை: 2014-இல் ஏசிக்கு டைப்-2, டிசிக்கு சிசிஎஸ்-2 என்று ஐரோப்பா முழுமைக்கும் எழுதிவிட்டார்கள்.

இங்கே மின்சார வண்டி வாங்குங்கள் என்று மானியம் கொடுத்து அழைத்தது அரசு. நம்பி முதலில் வாங்கியவரிடம் இன்று அடாப்டர் தேடு என்பது என்ன நியாயம்? அந்த வண்டிகள் ஓடி ஓயும்வரை ஊருக்கு ஒரு பழைய சார்ஜரையாவது பழுதில்லாமல் வைத்திருக்கட்டும். ஒரு ஜி.ஓ. போதும். டிராஃப்ட் வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன், காப்பிகூட வேண்டாம்.