நல்ல நாளில்தான் ஜாக்கிரதை!

போன வாரம் வந்த ஒரு கடிதத்தை இன்னும் மேஜை மேலேயே வைத்திருக்கிறேன். எழுதியவர் ஓர் இளம் தாய். கையில் ஐந்து மாதக் குழந்தை. "இடுப்பு வலி உயிரை வாங்குகிறது அக்கா. தோள், கழுத்து, முழங்கை என்று வலிக்காத இடமில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சம் உண்டு. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ரத்தத்திலும் ஒன்றுமில்லை. வேலைக்குப் பயந்து படுத்துக்கொள்கிறேன் என்று வீட்டில் பேச்சு. எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது, நிஜமாகத்தான் வலிக்கிறதா என்று" என்கிறார்.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. நானும் அப்படிச் சந்தேகப்பட்டவள்தான்.

எங்கள் வீடு சிந்தாதிரிப்பேட்டையில், மாடியில். செங்குத்தான படி. கீழே அடி பம்பில் தண்ணீர் பிடித்து மேலே கொண்டுபோக வேண்டும். குடம் நிறைந்தால் 15 கிலோ வரும். காலையில் ஆறு குடம். பிறகு அரிவாள்மனையில் குந்தி மீன் ஆய்வது, குனிந்து பெருக்குவது, துணி அலசுவது. எல்லா வீட்டிலும் உள்ளதுதானே? அதனால் வலி வந்தபோது நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு பார்த்தால், ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தாலும் அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். அடுப்பில் பால் வைத்தது மறந்துபோகும். ஒரு டாக்டர் படங்களைப் பார்த்துவிட்டு, "எல்லாம் மனசுதாம்மா" என்று அனுப்பிவிட்டார். அன்று ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன்.

கடைசியில் ஜி.எச். என்று நாம் சொல்லும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்குப் போனேன். எங்கள் பேட்டையிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே மூட்டு வாத நோய்களுக்கென்றே ருமட்டாலஜி பிரிவு இருக்கிறது. துணைக்கு வந்தது எங்கள் அத்தை, அதாவது மாமியார். டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு அத்தையிடம்தான் பேசினார். "இது ஃபைப்ரோமயால்ஜியா. வலி நிஜம். ஆனா எலும்பு தேயல, நரம்பு நசுங்கல, ஊனமும் ஆகாது. ரேடியோல வால்யூமைத் திருகி வச்சுட்ட மாதிரி, உடம்பு சொல்ற சின்ன வலியைக்கூட நரம்பும் மூளையும் பெரிசாக் கேக்குது" என்றார்.

அத்தை வழி முழுக்க வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "நாளையிலேர்ந்து மாடிக்குத் தண்ணி நீ தூக்கு" என்றார். அவ்வளவுதான்.

இது புதுசாக முளைத்த வியாதி என்று நினைக்காதீர்கள். 1904-ல் லண்டனில் வில்லியம் கவர்ஸ் என்ற டாக்டர் இடுப்பு வலியைப் பற்றிப் பேசும்போதுதான் இதற்கு முதலில் 'ஃபைப்ரோசைட்டிஸ்' என்று பேர் வைத்தார். வீக்கம் என்று அவர் நினைத்தது தவறு என்று தெரிந்து பின்னால் பேரை மாற்றினார்கள். 1990-ல் அமெரிக்க ருமட்டாலஜி சங்கம் உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து, 11 இடத்தில் வலித்தால் இதுதான் என்று விதி வகுத்தது. 2010-ல் அந்தக் கணக்கையும் மாற்றி, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் பரவலான வலி, அசதி, தூங்கியும் தெளியாத உடம்பு, ஞாபகக் குறைவு இவற்றையெல்லாம் கேட்டறியச் சொன்னார்கள். எக்ஸ்ரேயில் இது தெரியாது. பிறகு ஏன் ரத்தப் பரிசோதனை? தைராய்டு, ரத்தச்சோகை, வைட்டமின் டி குறைவு, முடக்கு வாதம் போன்றவை ஒளிந்திருக்கின்றனவா என்று பார்க்கத்தான்.

(எங்கள் பேட்டையே 1734-ல் நெசவாளர்களுக்காக உண்டானது. சின்னத் தறிப் பேட்டை! நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்தவர்களுக்கும், வீட்டில் நூல் நூற்ற பெண்களுக்கும் இடுப்பு எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.)

வியாதிக்குப் பேர் தெரிந்துவிட்டதே தவிர, நடந்துகொள்ளத் தெரியவில்லை. அந்த வருஷம் பொங்கலுக்கு முன் ஒரு நாள் எழுந்தபோது வலி வெகுவாகக் குறைந்திருந்தது. விடுவேனா? பரண் மேலிருந்த பித்தளைப் பாத்திரமெல்லாம் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து, ஒட்டடை அடித்து, மாடிப்படி வரை கழுவிவிட்டேன். அடுத்த மூன்று நாள் படுக்கை! "நேத்து நல்லாத்தானே இருந்தே?" என்றார் அத்தை. பாவம், அவர் கேட்டதில் குற்றமில்லை. நல்ல நாளில் நாம் ஓடி ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு மறுநாள் படுத்தால் நடிப்பாகத்தான் தெரியும்.

அதற்குப் பிறகுதான் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். என்ன வேலை, எத்தனை நிமிஷம், மறுநாள் வலி எப்படி. இரண்டு வாரத்தில் பிடிபட்டுவிட்டது. நின்று செய்யும் வேலை இருபது நிமிஷம் தாண்டினால் எனக்கு மறுநாள் மோசம். உங்களுக்குப் பத்தாக இருக்கலாம், முப்பதாகவும் இருக்கலாம். அந்த அளவுக்கு முன்னாலேயே, வலி வருவதற்கு முன்னாலேயே, கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட வேண்டும். நல்ல நாளிலும் அதே இருபதுதான்! மோசமான நாளிலும் முழுக்கப் படுத்துவிடாமல் பாதியாவது நடமாட வேண்டும். படுக்கையிலேயே கிடந்தால் தசை தளர்ந்து இடுப்பு இன்னும் இறுகும்.

இந்த வியாதிக்கு மாத்திரையைவிட உடற்பயிற்சிக்குத்தான் ஆராய்ச்சிகளில் பலமான ஆதாரம். பயந்துவிடாதீர்கள். நான் மே தினப் பூங்காவில் ஐந்து நிமிஷ நடையில் தொடங்கினேன். வாரத்துக்கு இரண்டு நிமிஷம் கூட்டினேன். முதல் சில வாரம் வலி கொஞ்சம் கூடத்தான் செய்தது. அங்கேதான் பலபேர் விட்டுவிடுகிறார்கள்.

இனி கடிதம் எழுதிய சகோதரிக்கு. குனிந்து குழந்தையைத் தூக்காதீர்கள். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்திருங்கள். பால் கொடுக்கும்போது முதுகுக்குச் சாய்மானமும், குழந்தைக்கு அடியில் தலையணையும் வைத்தால் நீங்கள் குழந்தையிடம் வளைய வேண்டியதில்லை. காய் நறுக்க மேஜை, நாற்காலி. சமையல் மேடை முன் நிற்கும்போது ஒரு காலைச் சின்ன முக்காலியில் மாற்றி மாற்றி வையுங்கள். வெந்நீர் ஒத்தடம் சுகம் தரும். ஆனால் சுளுக்கு எடுக்கிறேன் என்று யாராவது முதுகை முறுக்க வந்தால் கும்பிடு போட்டுவிடுங்கள்!

சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசியால்தான் வலி என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருப்பார்கள். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். வருஷக்கணக்கான வலிக்கு அது காரணமில்லை. பிரசவத்துக்குப் பின் வரும் இடுப்பு வலியெல்லாம் ஃபைப்ரோமயால்ஜியாவும் இல்லை. பெரும்பாலும் அது தானே குறையும்.

மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கித் தினம் விழுங்குவது வேண்டவே வேண்டாம். இந்த வலிக்கு அதனால் பிரயோஜனம் குறைவு, வயிறும் சிறுநீரகமும்தான் கெடும். தூக்கத்தைச் சீராக்கி வலியைக் குறைக்க வேறு மாத்திரைகள் உண்டு. தாய்ப்பால் கொடுப்பதைச் சொல்லி டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

கால் மரத்துப்போய் பலம் குறைந்தாலோ, சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போனாலோ, தொடை இடுக்கில் உணர்ச்சி இல்லாவிட்டாலோ அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, விழுந்த பிறகு வலி, இவற்றையும் இந்த வியாதியின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது தனியாகப் போகாமல் உங்கள் மாமியாரையோ கணவரையோ அழைத்துப் போங்கள். பழைய எக்ஸ்ரே, ரத்த ரிப்போர்ட், சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டை எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும். இன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தால் அதையும் காட்டலாம்.