கடல்கோள் அன்று, கடற்கொள்ளை!

கடல் நம் நிலத்தை விழுங்கியதாக நூல்கள் நுவலும் செய்தியைக் கடல்கோள் என்று வகுப்புதோறும் கற்பிக்கின்றோம். மாந்தன் கடலடியையே விழுங்கப் புகுந்துள்ள கேட்டிற்கு என்ன பெயரிட்டுக் கற்பிப்பது?

குமரிக்குத் தெற்கே, நடு இந்துமாக்கடலில், தமிழ்நாட்டுப் பரப்பில் பாதிக்கும் மிகுதியான 75,000 சதுரக் கிலோமீட்டர் கடலடியில் கனிமந் தேடும் உரிமையை இந்திய அரசு 2002இல் பன்னாட்டுக் கடற்படுகை ஆணையத்தோடு உடன்படிக்கை செய்து பெற்றது. உருளைக்கிழங்கு ஒப்ப அங்குக் கிடக்கும் கட்டிகளில் மாங்கனீசும் நிக்கலும் செம்பும் கோபால்ட்டும் உள. இப்பணியையும் உள்ளடக்கிய ஆழ்கடல் திட்டத்திற்கு 2021இல் 4,077 கோடி உருபா ஒப்பளிக்கப்பட்டது. அதே ஆண்டில், சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள நடுவணரசின் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 5,270 மீட்டர் ஆழத்தில் ஊர்பொறி ஒன்றை வெள்ளோட்டம் விட்டது. அதன் பெயர் வராகா! தமிழ்மண்ணில் இயங்கும் நிறுவனத்திற்கு ஒரு தமிழ்ப்பெயர் கிட்டவில்லை என்பது ஒருபுறம் கிடக்கட்டும். கடலடியில் ஒளிக்கப்பட்ட நிலமகளை மீட்ட பன்றித் தோற்றரவின் கதையைத் திருவரங்கத்துச் சிறுபிள்ளையும் அறியும். இப் பன்றியோ மீட்கப் போகவில்லை. கிழங்கு அகழப் போகின்றது!

அக் கிழங்கு எத்தகையது? சுறாப் பல்லோ சிப்பித் துண்டோ கருவாக நிற்க, பத்து இலக்கம் ஆண்டுகளில் சில நெல்மணித் தடிப்பே வளர்வது. அச் சேற்றுவெளியில் கடற்பஞ்சு முதலிய உயிரிகள் பற்றி வாழ வேறு கல் அரிது. கட்டி போயின் குடியிருப்பே போயிற்று. கிளறிய சேறோ முகிலெனப் படர்ந்து, நீரை வடித்துண்ணும் உயிரிகளை மூச்சடைக்கச் செய்யும். 1989இல் பெரு நாட்டுக்கப்பால் செருமானிய அறிஞர் கடலடியை உழுது பார்த்தனர். 2015இல் மீண்டும் சென்றபோதும் உழுசால் மறையவில்லை. அவர்கள் கட்டிகளை அள்ளவுமில்லை. வெறுமனே உழுதார்கள், அவ்வளவே.

இது திருச்சிராப்பள்ளிக்கு எட்டாத் தொலைவென்று எண்ணாதீர். 2018ஆம் ஆண்டு வெள்ளத்தில் கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. முக்கொம்பில் 1836இல் எழுந்த மேலணையின் ஒன்பது மதகுகள் ஒரே இரவில் பெயர்ந்தன. மணற்கொள்ளையே ஏது என்றனர் மக்கள். அன்று என்றது அரசு. கரையில் நின்று குனிந்தால் தெரியும் படுகைக்கே இவ் வழக்கெனின், ஐயாயிரம் மீட்டர் ஆழத்து அழிவிற்குச் சான்று சொல்ல எவர் வருவார்? ஆறாவது அடுத்த வெள்ளத்தில் சிறிது மணல் கொணரும். கடலடிக்கு அவ் வெள்ளமும் இல்லை.

மின்கலங்களுக்கு நிக்கலும் கோபால்ட்டும் இன்றியமையாதன என்பர். இரும்புப் பாசுபேட்டு மின்கலங்கள் அவ்விரண்டும் இன்றியே ஊர்திகளை ஓட்டுகின்றனவே! பிரான்சு, சிலி, பலாவு உள்ளிட்ட 30க்கும் மேற்பட்ட நாடுகள் இவ் வகழ்வை நிறுத்திவைக்கச் சொல்வதும் அறியாமையாலா?

2002இன் உடன்படிக்கை தேடுதற்கே, அகழ்தற்கன்று. அகழ்வுரிமம் கேட்குமுன், வராகா கிளறிய இடத்தின் நிலை பற்றிய அறிக்கை முழுமையும் தமிழில் வெளிவரல் வேண்டும். குமரி முதல் பழவேற்காடு வரை மீனவர் ஊர்தோறும் அது படிக்கப்படல் வேண்டும். நம் மன்றங்கள் இதனைத் தீர்மானமாக்கித் தில்லிக்கு விடுக்க.