விசிறியை யார் சுழற்றுவது?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர் ஒருவர்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை தரப்போகிறேன் என்றதும் "என்ன தலைப்பு?" என்று நண்பர்கள் கேட்டார்கள். "வண்டி ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் விசிறி" என்றேன். சிரித்தார்கள். காதலும் நட்பும் கவிதையுமாகப் பூத்துக் குலுங்கும் பக்கங்களுக்கு நடுவே கிரீஸ் வாசனை வீசும் ஒரு கட்டுரையா என்பது அவர்கள் கேலி. ஆனால் ஜோலார்பேட்டையிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் இக்கல்லூரிக்கு வருகிற நம்மில் எத்தனை பேர் வீட்டு உலை ஏதோ ஒரு லாரியையோ, ஜீப்பையோ, தோல் ஏற்றும் வேனையோ நம்பிக் கொதிக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், இது அப்படியொன்றும் சிரிப்புக்குரிய பொருள் அல்ல.

சித்திரை பிறந்துவிட்டால் நம் பகுதி ஸ்டாண்டுகளிலும் பட்டறைகளிலும் ஒரே பேச்சுத்தான். "பழைய ஃபேனைக் கழட்டிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் போட்டுக்கோ. ஹீட்டும் ஆகாது, மைலேஜும் கூடும்." இஞ்சின் தானே பெல்ட் மூலம் சுழற்றிக் கொள்ளும் விசிறியை எடுத்துவிட்டு, பாட்டரி மின்சாரத்தில் ஓடும் மோட்டார் விசிறியைப் பொருத்துவது இந்த யோசனை. சிறிய கார்களுக்கு இது நல்ல யோசனை. பாரம் ஏற்றி மலையேறும் வண்டிகளுக்கு அல்ல. மைலேஜ் என்பது பெரும்பாலும் ஆசைப்பேச்சு. இதுவே என் அபிப்பிராயம். காரணங்களைச் சொல்கிறேன். பிழையிருந்தால் ஆசிரியப் பெருமக்கள் திருத்தட்டும்.

முதலில் விசிறிக்கு என்ன வேலை என்று பார்ப்போம். இஞ்சினில் எரியும் டீசலின் வெப்பத்தில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டும் வேலையாக மாறுகிறது. ஏறக்குறைய இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மீதியில் பெரும்பகுதியை இஞ்சினைச் சுற்றியோடும் தண்ணீர் வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. அதைக் காற்றிடம் ஒப்படைக்க வேண்டியது ரேடியேட்டர். எவ்வளவு ஒப்படைக்க முடியும் என்பது தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தையும், எவ்வளவு காற்று கடந்து போகிறது என்பதையும் பொறுத்தது. மார்கழியில் காற்று 25 டிகிரி, தண்ணீர் 90 டிகிரி என்றால் வித்தியாசம் 65. அதே வண்டி அக்கினி நட்சத்திரத்தில் 42 டிகிரிக் காற்றில் ஓடினால் வித்தியாசம் 48 தான். ரேடியேட்டர் அதேதான், காற்றோட்டம் அதேதான். ஆனால் அதன் திறனில் கால் பங்குக்கு மேல் பறிபோய்விட்டது. வேலூர் வட்டாரத்து வெயிலில் ஓரமாக நின்று பானட்டைத் திறந்து வைத்திருக்கும் வண்டிகளின் கதை இதுதான்.

இனி பழைய விசிறியின் குறைக்கு வருவோம். இஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அதற்கேற்பவே அதுவும் சுற்றும். ஆம்பூர் கடைவீதியில் வண்டி ஊர்ந்து செல்லும்போது எதிர்க்காற்று இல்லை. விசிறியின் உதவி அப்போதுதான் அதிகம் தேவை. ஆனால் இஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்றில் முனகிக்கொண்டிருப்பதால் விசிறியும் சோம்பலாகச் சுழல்கிறது. அதே வண்டி நெடுஞ்சாலையில் வேலூரை நோக்கி அறுபது எழுபதில் பறக்கும்போது ரேடியேட்டருக்கு எதிர்க்காற்றே போதும். அப்போது பார்த்து விசிறி 3000 சுற்றில் வீணுக்குச் சுழல்கிறது. கேட்காதபோது கொடுப்பதும் கேட்கும்போது கையை விரிப்பதுமான உறவினர் போல!

இந்த வீண் சுழற்சி சும்மா நடப்பதில்லை. விசிறி தள்ளும் காற்றின் அளவு சுற்று வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். அது விழுங்கும் சக்தியோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். வேகம் நான்கு மடங்கானால் சக்தி 64 மடங்கு. இந்த மும்மடி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மின் விசிறிக்கு இந்தக் குறை இல்லை. அதற்கு உத்தரவு போடுவது இஞ்சினின் வேகம் அல்ல, தண்ணீரின் சூடு. ரேடியேட்டரில் பொருத்திய வெப்பச் சுவிட்சு சுமார் 95 டிகிரியில் அதை ஓட வைக்கும். சில டிகிரி இறங்கியதும் நிறுத்திவிடும். நெரிசலில் இஞ்சின் முனகினாலும் விசிறி முழு வேகத்தில் ஓடும், நெடுஞ்சாலையில் ஓய்வெடுக்கும். இத்தனை நல்லதானால் முன்னோர்கள் ஏன் இதை ஆதியிலேயே வைக்கவில்லை?

அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, மின்சாரம். பழைய கார்களில் இருந்த டைனமோக்கள் இருபது ஆம்பியர் சுமாருக்கே தருபவை. அதுவும் இஞ்சின் மெல்லச் சுற்றும்போது ஏறக்குறைய ஒன்றுமே தராது. முகப்பு விளக்குக்கே பத்து ஆம்பியர் போய்விட்டால் விசிறிக்கு எங்கே போவது? ஆல்டர்னேட்டர் வந்த பிறகே இந்தத் தட்டுப்பாடு நீங்கிற்று. மற்றொன்று, இஞ்சின் அமர்ந்திருக்கும் திசை. அம்பாசடரில் இஞ்சின் நெடுக்குவாட்டில் இருந்தது. அதன் முன்முனை ரேடியேட்டரையே பார்த்தது. தண்ணீர்ப் பம்பின் தலையில் விசிறியை மாட்டினால் வேலை முடிந்தது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-லோ இஞ்சின் குறுக்குவாட்டில். அதன் முனை பார்ப்பது முன்சக்கரத்தை. எனவே ரேடியேட்டருக்கு மோட்டார் விசிறி வைத்தார்கள். மேல்நாட்டிலும் இதே வரலாறுதான். 1959-இல் பிரிட்டனில் வந்த மினி காரில் குறுக்கு இஞ்சினை வைத்துவிட்டு, பெல்ட் விசிறியைக் கைவிட மனமில்லாமல் ரேடியேட்டரையே பக்கவாட்டுக்குத் தள்ளினார்கள்! 1974-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் மோட்டார் விசிறியோடு வந்தது. ஆக, மின் விசிறி பரவியதற்கு மைலேஜ் மட்டுமே காரணம் என்று சொல்வது வரலாற்றுக்கும் பொருந்தாது.

இப்போது சொந்த விஷயம் ஒன்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா ஒரு டீசல் பார வண்டி வைத்திருக்கிறார். தவணை இன்னும் முடியவில்லை. மண்டியிலிருந்து உப்புத் தோல் ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைகளுக்குப் போவார். தோல் லோடு இல்லாத நாட்களில் ஏலகிரிக்குச் செங்கல், சிமெண்ட். சென்ற கோடையில் ஒரு பட்டறையில் அவரிடம் மின் விசிறிக்கு ஒரு விலை சொன்னார்கள். ஏறக்குறைய ஒரு மாதத் தவணைக்குச் சமமான தொகை. இரவு சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "நீதான் ஃபிசிக்ஸ் படிக்கிறியேப்பா. போடலாமா, வேணாமா? சொல்லு." இரண்டு வருடங்களில் என் படிப்பிலிருந்து வீட்டார் ஒரு விடை கேட்டது அதுதான் முதல் முறை. தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுவதைவிட இது கடினமாக இருந்தது. விடைத்தாளில் தவறினால் மதிப்பெண் போகும். இங்கே தவறினால் ஒரு மாதத் தவணை போகும்.

காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். மைலேஜை முதலில் எடுத்துக்கொண்டேன். 3000 சுற்றில் பழைய விசிறி இரண்டு குதிரைத்திறன் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். மும்மடி விதிப்படி 1500 சுற்றில் அது கால் குதிரைத்திறனாகச் சுருங்கிவிடும். அப்பாவின் வண்டி பெரும்பாலும் ஓடுவது ஊருக்குள்ளும், ஊருக்கும் ஊருக்கும் இடையிலான குறுகிய தூரங்களிலும், நிதானமான வேகத்தில். அங்கே மிச்சம் பிடிக்க இருப்பதே கால் குதிரை! அதையும் மின் விசிறி முழுதாக மிச்சப்படுத்தாது. 10 ஆம்பியர் இழுக்கும் சிறிய மோட்டார் 12 வோல்ட்டில் 120 வாட் எடுக்கும். ஆல்டர்னேட்டரின் இழப்பையும் சேர்த்தால் இஞ்சினிலிருந்து 200 வாட்டுக்கு மேல், அதாவது கால் குதிரைத்திறனுக்கும் அதிகமாகவே போகும். மின்சாரம் பாட்டரியில் பிறப்பதல்ல. அதுவும் அதே டீசலில் பிறந்ததே. நாள் முழுதும் நெடுஞ்சாலையில் விரையும் காருக்கு மிச்சம் உண்டு. மண்டிக்கும் தொழிற்சாலைக்கும் நடக்கும் வண்டிக்கு அது சொற்பம்.

அடுத்தது மலை. பொன்னேரி அடிவாரத்திலிருந்து ஏலகிரி உச்சிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய அந்த வளைவுகளில் இஞ்சின்கள் மட்டும் யாரிடமும் கருணையைக் காண்பதில்லை. உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர். நம் ஊரிலிருந்து பார்த்தால் ஏற்றம் சுமார் 700 மீட்டர். பாரத்தோடு 3 டன் வண்டியை அவ்வளவு உயரம் தூக்க சுமார் 2 கோடி ஜூல் வேலை வேண்டும். மூன்றில் ஒரு பங்குக் கணக்கின்படி அதே அளவு வெப்பம் ரேடியேட்டருக்கு வரும். அதை விசிறி வெளியே தள்ளாவிட்டால் சுமார் ஒன்பது லிட்டர் கொதிநீரை ஆவியாக்கிவிடப் போதுமானது. இன்னொரு சங்கதி: மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் ஏலகிரி உச்சியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி தளர்ந்த பழைய ரேடியேட்டர்கள் மேல் வளைவுகளில் சீறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த ஏற்றத்தில் வண்டி போவது இரண்டாம் கியரில். எதிர்க்காற்று மிகக் குறைவு. ஆனால் இஞ்சின் சுற்று அதிகம். பழைய விசிறியின் குறை என்று மேலே எதைச் சொன்னோமோ அதுவே இங்கே குணமாகிறது. வேண்டிய நேரத்தில் முழு வேகத்தில் சுழல்கிறது. அந்த வேகத்தில் அது எடுக்கும் சக்தி 3 கிலோவாட் என்று வைத்தால், அதே காற்றை மோட்டாரால் தள்ள 12 வோல்ட்டில் 250 ஆம்பியர் வேண்டும். பெரிய லாரிகளில் 10 கிலோவாட் விசிறிக்கு 24 வோல்ட்டில் 400 ஆம்பியருக்கு மேல்! அவ்வளவு தரும் ஆல்டர்னேட்டர் எங்கே? பட்டறையில் பொருத்தித் தருவதோ காரிலிருந்து கழற்றிய 120 வாட் விசிறி. யானைக்குச் சோளப்பொரி என்பது இதைத்தான்.

கணக்கைக் காட்டினேன். அப்பாவுக்கு வாட்டும் ஆம்பியரும் புரிந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவர் சொன்னார்: "மலையில செகண்ட் கியர்ல இஞ்சின் சத்தம் ஏறும்போது ஃபேன் சத்தமும் கூடவே ஏறும். அதைக் கேட்டாத்தான் எனக்குத் தைரியம்." என் ஒரு பக்கக் கணக்கு அவருடைய காதில் ஏற்கெனவே இருந்தது. விசிறி மாற்றம் வேண்டாம் என்று முடிவாயிற்று.

பெரிய விசிறிக்கு மின்சாரமே ஆகாது என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். ரயில் சந்திப்புக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் அப்படிச் சொல்லமாட்டேன். 1962-இல் அமெரிக்காவிலிருந்து வரத் தொடங்கி, பிறகு வாரணாசியில் செய்யப்பட்ட 2,600 குதிரைத்திறன் டபிள்யூ.டி.எம்.2 டீசல் இஞ்சின்களில் ரேடியேட்டர் விசிறியை டீசல் இஞ்சினே சுழற்றியது. நடுவில் ஒரு சுழல் மின்னோட்டக் கிளட்ச் இருந்து, தண்ணீரின் சூட்டுக்கேற்பப் பிடித்தும் விட்டும் ஆட்சி செய்தது. நம் பாடப்புத்தகத்தில் சுழல் மின்னோட்டத்துக்கு உதாரணம் தேடுவோர் இதைக் குறித்துக்கொள்ளலாம். 1990-களின் இறுதியில் வந்த டபிள்யூ.டி.ஜி.4 வகையிலோ விசிறிகள் மின் மோட்டாரில் ஓடுகின்றன. காரணம் எளிது: ரயில் இஞ்சின் என்பதே ஓடுகிற ஒரு மின்நிலையம். அங்கே மின்சாரம் தாராளம். நம் பார வண்டியில் அது தட்டுப்பாடு.

சரி, ஜீப்போ காரோ வைத்திருப்பவர் மாற்றத்தான் போகிறார் என்றால் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். விசிறியைச் சுற்றிக் கூடு இல்லாவிட்டால் அது தன் வட்டத்தளவு இடத்தை மட்டும் குளிர்விக்கும். மூலைகள் சுட்டுக்கொண்டே இருக்கும். மோட்டாரின் இரு கம்பிகளை மாற்றி இணைத்துவிட்டால் விசிறி எதிர்ப்பக்கம் சுழன்று, வரும் காற்றையே எதிர்த்து ஊதும். இப்படி ஊதிக்கொண்டிருந்த ஒரு வண்டியை என் கண்ணாலேயே பார்த்தேன். உரிமையாளர் ரேடியேட்டரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் நேராகச் சுவிட்சில் இணைப்பது நெருப்போடு விளையாட்டு. முக்கியமாக, விசிறி போனாலும் பழைய இஞ்சின்களில் பெல்ட் போகாது. தண்ணீர்ப் பம்பும் ஆல்டர்னேட்டரும் அதில்தான் ஓடுகின்றன. பெல்ட் அறுந்தால் மின் விசிறி பாட்டரியில் ஜோராகச் சுற்றும். தண்ணீர் மட்டும் ஓடாது. விசிறிச் சத்தத்தைக் கேட்டு எல்லாம் சரி என்று ஓட்டுகிறவர் இஞ்சினையே இழப்பார்.

பார வண்டிகளுக்கு நடுவழி ஒன்று உண்டு. சிலிக்கோன் எண்ணெய் நிரம்பிய கிளட்ச், விசிறியின் குடத்தில் இருக்கும். ரேடியேட்டரைக் கடந்துவரும் காற்று சூடானால் அதிலுள்ள ஈருலோகப் பட்டை வளைந்து எண்ணெய்க்கு வழிவிடும்; விசிறி இஞ்சினோடு பிடித்துக்கொண்டு சுழலும். காற்று ஆறினால் நழுவும். இன்று எத்தனையோ லாரிகள் இதோடுதான் வருகின்றன. மாற்றிப் பொருத்த நினைப்பவர்களிடம் பட்டறைக்காரர்கள் இதைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்பது எனக்கு விளங்காத ஒன்று.

மேலே நான் போட்ட கணக்குகளில் "வைத்துக்கொள்வோம்" என்ற சொல் பலமுறை வந்திருப்பதைப் பேராசிரியர்கள் கவனித்திருப்பார்கள். அந்தச் சொல்லை நீக்க அளந்துதான் பார்க்க வேண்டும். நம் ஆய்வகத்தில் உலோகத் தகட்டின் வெப்பக்கடத்துத் திறனை ஆண்டுதோறும் அளந்து அதே விடையை எழுதுகிறோம். ஒருமுறை பொன்னேரியிலிருந்து அத்தனாவூர் வரை அளந்தால் என்ன? மின் விசிறி பொருத்திய ஜீப் ஒன்றும் பழைய விசிறியோடு உள்ள ஜீப் ஒன்றும் தர ஸ்டாண்டில் இசைந்திருக்கிறார்கள். டீசல் செலவை மாணவர்கள் நால்வர் பகிர்ந்துகொள்கிறோம். வெப்பமானிகள் ஆய்வகத்தில் இருக்கின்றன. நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றும், சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமையும் துறைத்தலைவர் தந்து உதவ வேண்டும்.